யாருக்கு யார் துணை?

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? ஐம்பது? நூறு? டி.வி. புண்ணியத்தில் நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூட அது மனப்பாடம். ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் காட்சியில் நீங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்?

'இதென்ன கேள்வி, நாகேஷைத்தான்' என்று அவசரப்படாதீர்கள். நாகேஷ் சொல்வது திகில் கதை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? சிரிப்பு வருவது, கதை கேட்கிற அந்தப் பெரியவரின் முகத்திலிருந்து. முதலில் ஒரு அலட்சியம். 'இவன் என்ன பெரிசா சொல்லிடப் போறான்' என்கிற பாவனை. கொஞ்ச நேரத்தில் கவனம். அப்புறம் லேசாக ஒரு கலக்கம். கடைசியில், அத்தனை பெரிய எஸ்டேட் முதலாளி, தான் உதவாக்கரை என்று திட்டுகிற சொந்த மகன் முன்னால் பயந்த சின்னப் பையனாகிவிடுகிறார். அவர் பெயர் டி.எஸ்.பாலையா. ஆனால், அந்தத் துண்டுக் காட்சிக்கு எல்லோரும் வைத்திருக்கிற தலைப்பு: 'நாகேஷ் காமெடி'!

நாகேஷைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் மேதை. சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காட்சியின் பட்டா இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. ஒருத்தர் பெயரை மட்டும் அழித்துவிட்டோம் என்பதுதான் என் புகார்.

ஏன் அழித்தோம்? நம்மிடம் இருக்கிற ஒரு மோசமான வார்த்தையும் ஒரு காரணம். 'துணை நடிகர்.'

கோடம்பாக்கத்தில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கல்யாண சீனில் பின்வரிசையில் உட்கார்பவர், கலவரக் காட்சியில் ஓடுபவர். தினக்கூலி. (அவர்கள் உழைப்பும் மரியாதைக்குரியதுதான். அது வேறு பஞ்சாயத்து.) அதே வார்த்தையைத்தான், ஒரு படத்தையே தோளில் சுமக்கிற மனிதருக்கு விருது கொடுக்கும்போதும் பயன்படுத்துகிறோம். 'குணச்சித்திரம்' என்று எவ்வளவு அழகான சொல் நம்மிடம் இருக்கிறது! அதைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு, பட்டயத்தில் 'துணை' என்று எழுதுகிறோம்.

மணிரத்னத்தின் 'இருவர்' (1997) ஞாபகம் இருக்கிறதா? படத்தின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது, இரண்டு பேர் என்று. அதில் மோகன்லாலுக்குச் சரிசமமாக நின்ற பிரகாஷ்ராஜுக்குக் கிடைத்த தேசிய விருது எது? சிறந்த துணை நடிகர்! அந்த விருதாவது எப்போது வந்தது என்கிறீர்கள்? சிறந்த நடிகருக்குத் தேசிய விருது, 1967-ம் வருடப் படங்களிலிருந்து ஆரம்பித்துவிட்டது. துணை நடிகருக்கு 1984-ல்தான். நடுவில் 17 வருஷம், ஹீரோவைத் தவிர மற்றவர்கள் எல்லாம் நடிக்கவே இல்லை போலிருக்கிறது! பாலையா காலமானது 1972. எஸ்.வி.ரங்காராவ் 1974. எம்.ஆர்.ராதா 1979. கணக்குத் தீர்ந்தது. தருமிக்கும் 'எதிர்நீச்சல்' மாதுவுக்கும் கிடைக்காத தேசிய விருது, நாகேஷுக்கு 'நம்மவர்' (1994) படத்துக்குத்தான் கிடைத்தது. அதுவும் இந்தத் 'துணை' வரிசையில்.

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனால் கடை கை மாறும்போது அதற்கும் சேர்த்துத்தான் விலை பேசுவார்கள். தமிழ் சினிமாவின் குட்வில் பாலையா மாதிரி ஆட்கள். நம் ஆட்கள் எழுதிய பேரேட்டில் அந்த வரியே இல்லை.

1936-ல் 'சதிலீலாவதி'. எல்லிஸ் ஆர்.டங்கன் டைரக்ட் செய்த அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், பாலையா மூன்று பேரும் சினிமாவுக்குள் நுழைகிறார்கள். எம்.ஜி.ஆருக்குச் சின்னதாக ஒரு இன்ஸ்பெக்டர் வேஷம். பாலையாவுக்கு வில்லன் வேஷம், பெரிய வேஷம். இருபது வருஷம் கழித்து 'மதுரை வீரன்' (1956) வருகிறது. இன்ஸ்பெக்டர் நாட்டின் நாயகனாகிவிட்டார். வில்லன், அதே வில்லன்!

ஆனால் எத்தனை விதமான ஆள் அவர்! அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949) நண்பனுக்கு யோசனை சொல்லிக் கொடுக்கிற புத்திசாலி. 'தூக்குத் தூக்கி'யில் (1954) தமிழைக் கடித்துக் குதறுகிற வடநாட்டு சேட். 'பாமா விஜயம்' (1967) படத்தில் பிள்ளைகளும் மருமகள்களும் பக்கத்து வீட்டு நடிகைக்காகத் தாம்தூம் என்று செலவழிப்பதைப் பார்த்துப் புழுங்குகிற குடும்பத் தலைவர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் தவில் வித்வான். சிவாஜி நாதஸ்வரம் ஊத, இவர் தவிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் எந்தப் பக்கம் போகிறது என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.

'திருவிளையாடல்' (1965) தனி ரகம். ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபையில் பாடுகிறார். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ஆனால் அந்தக் கர்வம் யாருடையது? கையை நீட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, சபையையே புழுவைப் போலப் பார்க்கிற அந்தப் பார்வை ரெக்கார்டிங் தியேட்டரில் கிடைக்குமா? அப்படிப்பட்ட ஆள், ராத்திரியில் ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கிறார். 'பாணபத்திரர் கழித்துவிட்ட ஆளே இப்படிப் பாடினால்...' என்ற கணக்கு மனசுக்குள் ஓடுகிறது. அந்த முகத்திலிருந்து கர்வம் வடிவதைப் பாருங்கள். ஒரே அடியாக விழுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி. கடவுள் வேஷம் சிவாஜிக்கு. அந்தக் கடவுள் ஜெயித்தார் என்று நமக்குத் தெரிவதே, தோற்றவர் முகத்தைப் பார்த்துத்தான்.

'எல்லாம் சரி சார், டிக்கெட் ஹீரோவுக்குத்தானே விற்குது?' என்று ஒரு விநியோகஸ்தர் என்னிடம் சண்டை போட்டார். 'காதலிக்க நேரமில்லை' ஹீரோ ரவிச்சந்திரன் அப்போது புதுமுகம். காஞ்சனாவும் புதுமுகம். ஜனங்கள் யாருக்காகக் கியூவில் நின்றார்கள்? பாட்டுக்காக, ஸ்ரீதருக்காக, நாகேஷுக்காக, பாலையாவுக்காக. அவரிடம் பதில் இல்லை. பேச்சை ஜி.எஸ்.டி. பக்கம் திருப்பிவிட்டார்.

இப்போது பெரிய ஹீரோ படங்களில் அப்பா வேஷம் என்றால் என்ன? இரண்டே சீன். ஒன்றில் பிள்ளையைத் திட்டுவார், இன்னொன்றில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். வில்லன்? பெரும்பாலும் பம்பாயிலிருந்து விமானத்தில் வந்து இறங்குவார். உதடு ஒன்று பேசும், குரல் வேறு ஒன்று பேசும். வெளியூர்க்காரர் என்பதல்ல என் ஆட்சேபணை. ரங்காராவின் தாய்மொழி தெலுங்கு. பிரகாஷ்ராஜ் கர்நாடகத்துக்காரர். இருவருமே நம்மிடம் சொந்தக் குரலில் தமிழ் பேசி ஜெயித்தவர்கள். மொழி தெரியாமல் ஒருத்தர் கண்ணை உருட்டலாம், நரம்பு புடைக்கக் கத்தலாம். பாலையாவைப் போல ஒரு வார்த்தையை நாலு முழத்துக்கு இழுத்து, அதற்குள் பயம், பேராசை, அசட்டுத்தனம் மூன்றையும் வைக்க முடியுமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சேனலில் அந்தக் கதை சொல்லும் காட்சி எப்படியும் வரும். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்துவிடுங்கள். பாலையா முகத்தை மட்டும் பாருங்கள். சிரிப்பு வருகிறதா, இல்லையா என்று எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள்.