ரத்தத்துல நானோ பிளாஸ்டிக்: எந்தத் துகள்? யாரோட ரத்தம்?

1/ "மனித ரத்தத்தில் பிளாஸ்டிக்"னு ஒரு பக்கம் வாட்ஸ்அப் ஃபார்வர்டு. "நானோ மருந்து, பக்கவிளைவே கிடையாது"னு இன்னொரு பக்கம் விளம்பரம். ரெண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

2/ முதல்ல அளவு. நம்ம சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான் அகலம். 100 நானோமீட்டர் பாலிமர் துகள் அதுமேல ஒட்டினா, ஒரு தோசைமேல ஒரு உளுந்து இருக்கிற மாதிரி. ரத்தக்குழாய்ல போடுற ஊசி வழியா உள்ள போற எந்தத் துகளும் முதல்ல சந்திக்கிறது ரத்தத்தைத்தான். அதனாலதான் பாதுகாப்புப் பரிசோதனையும் அங்கிருந்து தொடங்குது.

3/ செய்முறை எளிது. ரத்தத்தோட துகளைக் கலந்து, 37 டிகிரியில சில மணி நேரம் வெச்சு, சுழற்றிப் பிரிப்பாங்க. சிவப்பணு உடைஞ்சிருந்தா மேல நிக்கிற தெளிந்த நீர் சிவக்கும். பொதுவான கணக்கு: 2 சதவீதத்துக்குக் கீழ உடைஞ்சா பரவாயில்லை, 5ஐத் தாண்டினா ஆபத்து. வெள்ளணு, தட்டணு, ரத்தம் உறையற தன்மை எல்லாம் தனியாப் பார்க்கணும்.

4/ இங்கதான் ஒரு சிக்கல். பல பரிசோதனைகள்ல பிளாஸ்மாவை நீக்கிட்டு, கழுவின சிவப்பணுவை மட்டும் எடுத்துக்குவாங்க. ஆனா உடம்புக்குள்ள துகள் வெறுமனே இருக்காது. போன உடனே ரத்தப் புரதங்கள் அதைப் போர்வை மாதிரி சுத்திக்கும்.

5/ வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2019ல இதைச் சோதிச்சாங்க. வெறும் நானோ பிளாஸ்டிக்கைவிட, புரதம் போர்த்தின துகள்தான் மனித ரத்த அணுக்களை அதிகமா பாதிச்சது. கடையில விக்கிற ஃபேஸ் ஸ்கிரப்புல இருந்து பிரிச்ச துகளையும் சேர்த்துப் பார்த்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. நிஜத்துல நாம தொடுற பொருளைச் சோதிக்கணும்.

6/ ஆய்வகத்துல அதிகம் பயன்படுறது பாட்டில்ல வாங்கின, உருண்டையான பாலிஸ்டைரீன் மணிகள். நெம்மேலி கரைக்கு வந்து பாருங்க. மீன் பெட்டித் தெர்மாகோலும் அதே பாலிஸ்டைரீன்தான். ஆனா வெயில்லயும் உப்புலயும் நொறுங்கி, கண்டபடி உடைஞ்சு கிடக்கு. ரெண்டும் ஒண்ணா நடந்துக்கும்னு எப்படி எடுத்துக்க முடியும்?

7/ அடுத்து, யாரோட ரத்தம்? பெரும்பாலும் ஆரோக்கியமான தன்னார்வலர் ரத்தம். தமிழ்நாட்டுல 15–49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைனு தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) சொல்லுது. இரும்புச்சத்து குறைஞ்ச சிவப்பணு சின்னது, வளைஞ்சு கொடுக்கிற தன்மையும் குறைவு.

8/ இது வீண் பயம் இல்லை. மலேரியாவுக்குக் கொடுக்கிற பிரைமாகுவின் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. ஜி6பிடி குறைபாடு உள்ளவங்களுக்கு சிவப்பணுவை உடைச்சிடும். பாடம் ஏற்கெனவே கையில இருக்கு.

9/ அதுக்காக பாலிமர்னாலே விஷம்னு ஓடாதீங்க. கரையற தையல் நூல் பாலிமர். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு மாசக்கணக்குல வேலை செய்யற சில ஊசிகளும் அதே வகை பாலிமர்ல செய்ததுதான். வாட்ஸ்அப் பார்த்து சிகிச்சையை நிறுத்தாதீங்க.

10/ நெதர்லாந்துல 2022ல 22 பேர்ல 17 பேர் ரத்தத்துல பிளாஸ்டிக் கண்டுபிடிச்சாங்க. "இருக்கு"ங்கிறது ஒரு செய்தி. "கெடுக்குது"ங்கிறது வேற செய்தி. அதைத் தனியா நிரூபிக்கணும்.

11/ நானோ மருந்துகளை மதிப்பிட 2019லேயே இந்திய அரசு வழிகாட்டி வெளியிட்டாச்சு. என் கோரிக்கை ரெண்டுதான். பிளாஸ்மாவோட சேர்ந்த முழு ரத்தத்துல சோதிங்க. ரத்தசோகை, சர்க்கரை நோய் உள்ளவங்க ரத்தத்துலயும், அவங்க சம்மதத்தோட சோதிங்க. மருந்து கடைசியில வந்து சேரப்போறது அவங்ககிட்டதானே.

12/ நீங்க செய்யக்கூடியது: "நானோ"ன்னு யார் எதை வித்தாலும் மூணு கேள்வி கேளுங்க. எந்தத் துகள்? எவ்வளவு அளவு? யாரோட ரத்தத்துல சோதிச்சீங்க? பதில் இல்லைன்னா காசை பத்திரமா வெச்சுக்கோங்க.