வலி மாத்திரையின் விலை
டைக்ளோஃபெனாக், டிரமடால் போன்ற வலி நிவாரணிகள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் 1 விழுக்காட்டுக்குக் குறையாத பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையுடன் சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு சேர்த்து இவற்றின் உச்ச விலை நிர்ணயிக்கப்படுகிறது. ஆனால், இவற்றோடு வேறொரு மருந்தைச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் பல பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பட்டியலில் இல்லாத மருந்தின் விலையை ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை உயர்த்தலாம். மாதந்தோறும் மாத்திரை வாங்கும் மூட்டுவலி நோயாளியை வாட்டும் ஓட்டை இது. அரசு அடைத்தே ஆக வேண்டும். மருத்துவர் ஜெனரிக் பெயரில் எழுதினால், மக்கள் மருந்தகத்திலும், தமிழகத்தில் 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலையில் வாங்க வழி பிறக்கும். அப்படித் தெளிவாக எழுத வேண்டும் என்று 2016-லேயே விதி திருத்தப்பட்டது. அது நடைமுறையில் இருக்கிறதா என்று கண்காணிப்பது மாநில மருத்துவக் கவுன்சில்களின் கடமை.