நெடுமூச்சும் பல்வகைப் பயிற்சியும்

மெய்வல்லுநர் போட்டிக்கு இரு வாரங்கள் இருக்கையில் மாணவரை நெடுந்தூர ஓட்டத்திற்குப் பழக்கத் தொடங்கும் வழக்கம் நம் பாடசாலைகளை விட்டு இன்னும் அகலவில்லை. உடலின் உறுப்புக்கள் யாவும் ஒரே வேகத்திற் பழகுவன அல்ல. குருதியின் நீர்ப்பகுதி சில நாட்களிலே பெருகும். ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்த இதயம் பழகுதற்கு வாரங்கள் செல்லும். பயிற்சியால் தசையின் இழைமணிகள் பெருகுதலை 1967 இல் அமெரிக்க ஆய்வாளர் ஹொலோசி எலிகளிற் காட்டினார். எலும்பும் தசைநாணுமோ மாதக்கணக்கிலேயே உரம் பெறும். இதயம் முந்த எலும்பு பிந்துகின்றது. அவசரமாய் ஓடிய பிள்ளை கணைக்கால் நோவோடு திரும்புவது பெரும்பாலும் இதனாலேயே.

ஆகவே பயிற்சியைப் பலவகையாய்ப் பகிர்தல் நன்று. நீச்சல் இதயத்தை வளர்க்கும். ஆயினும் உடற்பாரத்தை நீர் தாங்குவதால் எலும்புக்கு அது போதாது. உடப்புக் கரையிலே கரைவலை இழுத்த இளைஞனுக்குத் தோளும் முதுகும் உரமுடையன. ஓட்டத்திற்கு அவன் கால்களைத் தனியே பழக்குதல் வேண்டும்.

வாரத்தில் இரு நாள் ஓட்டம், ஒரு நாள் துணையுடன் நீச்சல், ஒரு நாள் சைக்கிள் என ஆண்டு முழுவதும் நடத்தப் பயிற்றுநர் ஒருவர் வேண்டும். பழைய மாணவர்காள், நீவிர் வழங்கும் வெள்ளிக் கிண்ணங்களுள் ஒன்றைக் குறைத்து அவருக்கு வேதனம் அளிப்பீராயின், நம் பிள்ளைகளின் உடலிலே அக்கொடை நெடுநாள் நிலைக்கும்.