கணக்கில் வராத சுவர்

"காங்கிரீட் கட்டடத்தைத் தாங்குவது தூணும் பீமும்தான். செங்கல் சுவர் வெறும் தடுப்பு. எங்கே வேண்டுமானாலும் எழுப்பலாம், இடிக்கலாம்." வீடு கட்டுவோர் பலரும் நம்பும் வாதம் இது. கீழ்நோக்கி இறங்கும் எடையைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. ஆனால் நிலநடுக்கம் பக்கவாட்டில் தள்ளுகிறது. அங்கே இந்த வாதம் நிற்காது.

1. "சுவர் பாரம் சுமப்பதில்லை."

பக்கவாட்டில் தள்ளும்போது தூணும் பீமும் சேர்ந்த சட்டம் கோணுகிறது. உள்ளே இறுக்கிக் கட்டிய சுவர் எதிரெதிர் மூலைகளில் சிக்கிக் குறுக்கே முட்டுக் கொடுக்கிறது. கட்டடம் விறைக்கிறது, அலைவு நேரம் (ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம்) குறைகிறது, விசை கூடுகிறது. 27 மீட்டர் உயரம், தள்ளும் திசையில் 16 மீட்டர் நீளம் உள்ள கட்டடத்துக்கு நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்புப்படி கணக்கிட்டால், அலைவு நேரம் சுவரின்றி 0.89 வினாடி, சுவரோடு 0.61. நடுத்தர மண்ணில் வடிவமைப்பு விசை ஏறத்தாழ 45 சதவீதம் உயர்கிறது.

2. "சுவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அது கூடுதல் பாதுகாப்புதானே?"

எல்லாத் தளங்களிலும் சீராகச் சுவர் இருந்தால் அப்படிச் சொல்லிப் பார்க்கலாம். மேலே வீடுகள், கீழே கார் பார்க்கிங் என்றால் முடியாது. விறைத்த மேல்தளங்கள் ஒரே கட்டியாக நகர, அசைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விழுகிறது. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இப்படித்தான் கீழ்த்தளம் நொறுங்கி விழுந்தன. மெலிந்த தூண்களும் கம்பி கட்டியதில் இருந்த குறைகளும் அதில் சேர்ந்தன. ஆனால் சேதம் குவிந்த இடம் சுவரில்லாத தளம். அதே தரநிலையின் 2002 பதிப்பு, அத்தகைய தளத்தின் தூண், பீம்களை 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கும் வழியைச் சேர்த்தது. சென்னையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு உயர்த்தியதும் அதே பதிப்புதான். அந்தப் பதிப்பில் அகமதாபாத்தும் அதே மண்டலமே.

3. "அரைச்சுவர் என்ன செய்துவிடும்?"

3 மீட்டர் தூணை 2 மீட்டர் வரை சுவர் இறுக்கிப் பிடித்தால், வளைய மிஞ்சுவது 1 மீட்டர். உயரம் மூன்றில் ஒரு பங்கானால் விறைப்பு 27 மடங்கு. பக்கத்துத் தூண்களின் பங்கையும் தன்மேல் இழுத்துக்கொள்ளும் அந்தக் குட்டைத் தூண், வளைய இடமின்றிக் குறுக்காக வெடித்து உடைகிறது. வரிசையாகச் சன்னல் வைத்த வகுப்பறைகளில் இந்த ஆபத்து அதிகம்.

4. "அப்படியானால் சுவரே எதிரியா?"

கீழ்த்தளம் முதல் மொட்டைமாடி வரை தொடர்ந்து, எல்லாப் பக்கமும் சமமாக அமைந்த சுவர்கள் பலவீனமான சட்டங்களையும் காப்பாற்றியிருக்கின்றன. சிக்கல், சுவர் திடீரென நின்றுபோகும் இடத்தில்தான். எனவேதான் 2016 பதிப்பு சுவரைக் குறுக்கு முட்டாகவே கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. பார்க்கிங் கட்டாயம் வேண்டுமென்றால், அஸ்திவாரத்திலிருந்து எழும் காங்கிரீட் சுவர்கள் அந்தத் தளத்துக்குத் தேவை.

ஆகவே, கடை வைக்கக் கீழ்த்தளச் சுவரை எடுக்க நினைப்பவர் மேஸ்திரியை மட்டும் கேட்டால் போதாது. அந்தச் சுவர் இருந்தால் எவ்வளவு, போனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டும் பொறியாளரின் கையொப்பம் வேண்டும்.