ஜாவளிகளுக்கு ஓர் அச்சு வடிவம்

தருமபுரியின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சுப்பராயரின் தெலுங்கு ஜாவளிகள், கச்சேரி மேடைகளிலும் நாட்டிய அரங்குகளிலும் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்க, அவற்றைத் திருத்தமான ஸ்வரக் குறிப்போடு எழுதிவைக்கும் பொறுப்பு இம்மாவட்டத்துச் சங்கீத அபிமானிகளுக்கே முதன்மையாக உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1893-இல் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டதும், 1904-இல் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்குத் தனிச் சின்னங்கள் அமைத்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை எட்டயபுரத்தில் வெளியிட்டதும், ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்து அரும்பெரும் சாதனைகள். அச்சிரமம் இன்றில்லை. 1996-இல் டச்சுக்காரர் இருவர் தொடங்கிய ‘லில்லிபாண்ட்’ என்னும் இலவச மென்பொருளில், ஸ்வரத்துக்கு ஓர் எழுத்தும் கால அளவுக்கு ஓர் எண்ணும், மேல் ஸ்தாயிக்கு ஒரு மேற்கோள் குறியுமாகத் தட்டச்சு செய்தால், அழகிய இசைத்தாளை அது தானே வரைந்து தருகிறது. சாகித்தியத்தைத் தமிழ் லிபியிலேயே கீழே சேர்க்கலாம். கமகத்தின் அசைவு முழுவதும் கோட்டில் அடங்காது, உண்மைதான். அதைக் குருமுகமாகவே பெறவேண்டும். ஆயினும் பாடாந்தரம் சிதையாதிருக்க எழுத்து வேண்டும்.

கணினி பயிலும் நம் மாணவர்களே, ஒரு ஜாவளியையேனும் ஆசிரியர் துணையோடு இவ்வாறு எழுதத் தொடங்குங்கள்.