பத்து ரூபாய் மாத்திரை அறுபது ரூபாய்க்கு விற்றது ஏன்?



சர்க்கரை வியாதி பணக்காரன் வியாதி, உழைக்கிறவனை அண்டாது என்று இன்னமும் மில் வாசலில் பேசுகிறார்கள். உட்கார்ந்து தின்கிறவனுக்கு வரும் தொந்தி வியாதியாம்! ரேஷன் அரிசிச் சோற்றால் வயிற்றை நிரப்பி, ராத்திரி ஷிப்டில் கண் விழித்து, டீயும் பீடியுமாக உடம்பை ஓட்டுகிறவனையும் அது பிடிக்கத்தான் செய்கிறது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொல்லிற்று. இத்தனை பேரும் பங்களாவாசிகளா?

"சர்க்கரைதானே, இனிப்பை நிறுத்தினால் போச்சு" என்பது அடுத்த ஏமாற்று. இந்த வியாதிக்காரர்களில் ஏராளமானவர்களைக் கடைசியில் முடிப்பது இருதயம். ரத்தத்தில் ஓயாமல் ஏறி நிற்கும் சர்க்கரை, ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. கெட்ட இடத்தில் கொழுப்புப் படிகிறது, குழாய் குறுகுகிறது, ஒரு நாள் அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதே சர்க்கரை நரம்பையும் மரக்கச் செய்வதால், மாரடைப்பு வந்தும் சிலருக்கு மார் வலிப்பதில்லை. வேர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், குமட்டும். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டுத் திரும்பவும் மிஷினுக்குப் போகிறான் தொழிலாளி. அந்த நேரத்தில் அவனுக்கு எடுத்திருக்க வேண்டியது ஈ.சி.ஜி.!

இந்த இருதயச் சாவைக் குறைக்க மருந்து இருக்கிறதா? இருக்கிறது. எம்பாகிளிஃப்ளோசின் என்று வாயில் நுழையாத பெயர். சர்க்கரையை மூத்திரத்தின் வழியே வெளியேற்றும் மாத்திரை. ஏற்கெனவே இருதய, ரத்தக்குழாய் நோயும் உள்ள 7,020 சர்க்கரை வியாதிக்காரர்களிடம் இதைச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் மூன்று வருஷத்தில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 59 பேர் இருதய, ரத்தக்குழாய் நோயால் மாண்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 37 பேர். ஆயிரத்துக்கு 22 உயிர் மிச்சம்!

ஆனால் அந்த உயிருக்கு விலை வைத்தவன் யார்? ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனி. இந்தியாவில் ஒரு மாத்திரை அப்போது சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. தினம் ஒன்று, மாதம் 1,800 ரூபாய். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு சர்க்கார் அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். ஏறக்குறைய ஆறு நாள் கூலியை ஒரே ஒரு மருந்துக்கு எடுத்து வைத்துவிட்டு, அரிசிக்கும் பருப்புக்கும் எங்கே போவது?

2025 மார்ச் 11-ந் தேதி அந்தக் கம்பெனியின் பேடண்ட் முடிந்தது. உடனே இந்தியக் கம்பெனிகள் பல அதே மருந்தை இறக்கின. ஒரு மாத்திரை 10 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது! ஒரே வாரத்தில் மருந்தா மாறியது? செய்கிற செலவா குறைந்தது? காலாவதியானது ஒரு காகிதம்தான். பத்து ரூபாய்க்கு விற்கிறவனும் தர்மசத்திரம் நடத்தவில்லை, அவனும் லாபம் பார்க்கிறான் என்பதை நினைவில் வையுங்கள்.

"ஆராய்ச்சிக்குச் செலவழித்தோமே" என்பார்கள். செலவழித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த அறிவின் வேர் யாருடையது? ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளை ஐரோப்பிய ரசாயனிகள் 1835-இலேயே பிரித்தெடுத்தார்கள். அது மூத்திரத்தில் சர்க்கரையை இறக்குகிறது என்று வான் மேரிங் என்ற ஜெர்மன் வைத்தியர் 1880-களில் கண்டார். அந்தச் சரடைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் இந்த மாத்திரை. பட்டையை உரித்தவனுக்கு எவனாவது ராயல்டி கொடுத்தானா?

1970-இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய பேடண்ட் சட்டம், மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. மருந்துக்கே ஏகபோகம் தரவில்லை. வேறு முறையில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்க முடிந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் ஒப்பந்தத்துக்குத் தலை வணங்கி 2005-இல் அதைத் திருத்தினார்கள். மருந்துக்கே 20 வருஷ ஏகபோகம் வந்தது. அந்தச் சட்டத்திலும் கட்டாய லைசென்ஸ் என்ற ஆயுதம் மிஞ்சியிருந்தது. 2012-இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அதை எடுத்தபோது, மாதம் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விலை 8,800 ரூபாயாக விழுந்தது! சர்க்கரை வியாதிக்காரனின் இருதயத்துக்காக மட்டும் அது உறையைவிட்டு வெளியே வரவில்லை. 2015-இலிருந்து பத்து வருஷம் இப்படியே போயிற்று.

இப்போதுதான் விலை இறங்கிவிட்டதே என்று சும்மா இருக்க முடியாது. தினம் பத்து ரூபாய் என்றாலும் மாதம் 300 ரூபாய். கூலியாளுக்கு அதுவும் பாரம்தான். டாக்டர் எழுதினால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலும் இது இலவசமாகவும் தட்டில்லாமலும் கிடைக்க வேண்டும். (தானாகக் கடையில் வாங்கி யாரும் விழுங்க வேண்டாம், எல்லார் உடம்புக்கும் இது ஒத்துக்கொள்ளாது.) மில்லில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. மூன்றும் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கூலி பிடிக்கக் கூடாது. போனஸ் கோரிக்கைக்கு அடிக்கும் நோட்டீஸிலேயே இதையும் ஏற்றுங்கள்!