பல்பை மட்டும் மாற்றினால் போதாது

எதிரே வருபவர் கண் கூசுகிறது என்று லாரிகளில் எல்இடி விளக்கையே தடை செய்யச் சொல்வது சரியல்ல. கோளாறு எல்இடியில் இல்லை, அதை எதில் மாட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. ஹாலஜன் எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. மேல்நோக்கிப் போகக்கூடிய ஒளியை அது மறைக்கும். ரிஃப்ளெக்டரும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே வளைக்கப்பட்டது. அதில் எல்இடி பல்பைச் செருகினால், அதன் ஒளிச்சில்லு அந்த இடத்திலிருந்து இம்மி விலகினாலும் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். லாரி விளக்கின் உயரத்துக்கு, பைக்கில் வருபவர் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

இரவெல்லாம் ஓட்டுகிறவருக்கு வெளிச்சம் வேண்டாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வண்டிக்கு முன்னால் தரை மட்டும் பளீரென்றால், தொலைவு இன்னும் இருட்டாகவே தெரியும். பனி விளக்கில் மேலே சிதறும் ஒளியோ பனிமூட்டத்தில் பட்டு ஓட்டுநர் முகத்துக்கே திரும்பும். எல்இடிக்கென்றே வடிவமைத்த, தரச்சான்று பெற்ற முழு விளக்காகவே மாற்றுவதுதான் வழி. செலவு கூடத்தான் செய்யும். எஃப்சி எனப்படும் வாகனத் தகுதிச் சான்றுக்கான சோதனையின்போது விளக்கு எரிகிறதா என்பதோடு, டிம் ஒளி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

- வாசகர், நாமக்கல்